இரவல் விலாசம்

அத்தியாயம் 11: செல்லோ வந்த வியாழன்

"அந்தப் படத்தைக் கழட்டாதையும்," என்றாள் றீற்றா.

அனோஜா கதிரையில் ஏறி நின்றாள். இரண்டு கைகளும் சட்டத்தைப் பிடித்திருந்தன. கலியாணப் படத்தில் தலையில் வெள்ளை நெற் போட்ட றீற்றாவும் கோட் போட்ட அவள் புருஷன் செல்வரட்ணமும் சிரித்தார்கள்.

"எங்கடை படம் ஒண்டும் இந்த வீட்டில இல்லையே மச்சாள். ரீச்சர் பாத்தா என்ன நினைப்பா?"

"உம்மடையைப் பேஸ்மென்ற்ல கொழுவும். நான் என்ன செத்தே போனன், சுவரிலையிருந்து இறக்கிறதுக்கு?"

"செத்தால்தானே படத்தைக் கொழுவுறது."

றீற்றா சிரித்துவிட்டாள். பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள். வேலைக்குப் போகும் அவசரத்திலும் உதட்டுச் சாயம் நேராக இருந்தது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு கதவடியில் நின்று வீட்டை ஒருமுறை பார்த்தாள்.

"இண்டைக்கு உம்மடை செல்லோ. திங்கட்கிழமை எங்கடை மிதுனன்ரை. பேந்து இந்தப் பக்கம் ஒருத்தரும் நித்திரை கொள்ளேலாது."

கதவு மூடிக்கொண்டது. கராஜ் திறக்கும் சத்தம் கேட்டது. அனோஜா கதிரையிலிருந்து இறங்கினாள். படம் சுவரிலேயே இருந்தது.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை, போன செப்ரெம்பரிலிருந்து அவள் இந்த வீட்டில்தான் வசிக்கிறாள்.

உண்மையான வீடு நகரின் இன்னொரு பக்கத்தில், வெக்ஸ்போர்ட்டில் ஒன்பதாம் மாடியில் இருந்தது. ஒரு படுக்கையறை. மகள், ஒன்பது வயது நிலாணி, ஹோலில் படுப்பாள். அங்கே பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் அவள் மூன்றாம் வகுப்பு முழுவதும் வாய் திறக்கவில்லை. அமைதியான பிள்ளை என்று ரீச்சர் பாராட்டினார். மணி அடித்தால் அங்கே எல்லாம் முடிந்துவிடும். றீற்றாவின் வீடு இருக்கும் ரூஜில், அவள் மகன் மிதுனன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகுதான் தொடங்கும். செஸ், றோபோ செய்யும் வகுப்பு, பாட்டுக் குழு. நாலாம் வகுப்பிலிருந்து ஸ்ரிங்ஸ் என்ற நரம்பு வாத்திய வகுப்பு. வயலினும் அதைவிடப் பெரிய செல்லோவும் பள்ளிக்கூடமே தரும். ஆனால் அந்தப் பகுதியில் வசிக்கும் பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம்.

"எங்கடை விலாசத்தைக் குடுங்கோவன்," என்று ஒரு ஞாயிறு பூசை முடிந்து சாப்பிடும்போது றீற்றா சொன்னாள். தம்பியின் குடும்பம் தங்களோடு இருக்கிறது என்று எழுதி அவளே கையெழுத்தும் வைத்தாள். அனோஜாவின் புருஷன் சீமோன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

பதிலுக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை.

காலையில் அனோஜா நிலாணியைக் கூட்டிக்கொண்டு லோரன்ஸ் பஸ்ஸில் வருவாள். பின்னேரம் திரும்பக் கூட்டிப்போகவேண்டும். இடையில் வீட்டுக்குப் போய் வந்தால் அரைநாள் பஸ்ஸிலேயே போய்விடும். குளிர் தொடங்கியதும் றீற்றா ஒரு சாவி கொடுத்தாள். சாவியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவினாள். ஒருநாள் சமைத்தாள். நத்தார்ப் பண்டிகை வரும்போது உடுப்புத் தோய்ப்பதும் அவளுடைய வேலையாக இருந்தது. யாரும் கேட்காத வேலைக்கு மாட்டேன் என்று சொல்ல இடம் இல்லை. ஜனவரியில் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேக்கரி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. அவள் போகவில்லை.

போன கிழமை ஸ்ரிங்ஸ் ரீச்சர் மிஸ் டொனலி மிதுனனையும் நிலாணியையும் செல்லோவுக்குத் தெரிவு செய்தார். வசந்த கால நிகழ்ச்சிக்கு முன்னர் பிள்ளைகள் வீட்டில் பழகவேண்டும். பெரியவர் ஒருவர் காரில் வந்துதான் செல்லோவை எடுக்கவேண்டும். சீமோன் வேனோடு வேலையில் இருப்பான்.

"நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருதானே," என்று மிஸ் டொனலி தொலைபேசியில் சொல்லியிருந்தார். "நானே கொண்டுவருகிறேன். வைக்கும் இடத்தையும் பார்த்ததாக இருக்கும்." போன வருடம் ஒரு வீட்டில் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து ஒரு செல்லோவின் பலகை வெடித்துவிட்டதாம்.

வேண்டாம் என்பதற்கு அனோஜாவுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

*

கீழ்த்தளத்துப் பேஸ்மென்றில் செல்வரட்ணத்தின் கோடைகால ரயர்களும் ஊருக்கு அனுப்பாத பெட்டிகளும் இருந்தன. ஒரு பழைய கட்டில் இருந்தது. அனோஜா ரயர்களைப் போர்வையால் மூடினாள். வெக்ஸ்போர்ட்டிலிருந்து கொண்டுவந்த பையைத் திறந்தாள். நிலாணியின் தலையணை, இரவு உடுப்பு, செருப்பு, பள்ளிக்கூடத்தில் கீறிய ஒரு மீன் படம். தலையணையைக் கட்டிலில் வைத்தாள். கொஞ்சம் குழி விழும்படி கையால் அமத்தினாள். மீனைச் சுவரில் ஒட்டினாள்.

தள்ளி நின்று பார்த்தாள். யாரோ ஒரு பிள்ளை அங்கே படுப்பதுபோலத்தான் இருந்தது.

மத்தியானம் பனி தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு நிலாணியைக் கூட்டிவரும்போது நடைபாதை தெரியவில்லை. நிலாணி முன்னால் நடந்தாள்.

"ரீச்சர் உன்ரை றூம் எதெண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?" என்றாள் அனோஜா.

"பேஸ்மென்ற்."

"கட்டில் எந்தப் பக்கம்?"

"அம்மா, ஐ நோ."

"சொல்லு பாப்பம்."

"ஜன்னலுக்குக் கீழ. காலமை எழும்பினா ஸ்னோ தெரியும்." நிலாணி திரும்பிப் பார்க்கவில்லை. "அது நானாச் சொன்னது. நல்லா இருக்கோ?"

"ஜன்னல் இருக்கோ அங்கை?"

"சின்னன் ஒண்டு இருக்கு. நீங்கள் பாக்கேல்லையோ?"

அனோஜா பார்த்திருக்கவில்லை.

மிஸ் டொனலி உயரமானவர். பெரிய கறுப்புப் பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு பனிக்குள் வந்தார். உள்ளே வந்ததும் கேட்காமலே சப்பாத்தைக் கழற்றினார். அனோஜாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. மிதிவெடி என்று சொல்லும் முட்டை வைத்த றோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். அவர் ஒன்றை எடுத்து நின்றபடியே சாப்பிட்டார்.

"அழகான வீடு," என்றார் ஆங்கிலத்தில்.

"தாங்க்யூ," என்றாள் அனோஜா. அதைச் சொல்லும்போது காது சுட்டது.

கீழே போனார்கள். மிஸ் டொனலி ஹீற்றரின் காற்றுவாயைத் தேடினார். அது எங்கே என்று அனோஜாவுக்குத் தெரியாது. அவர் கையை நீட்டி நீட்டிச் சுவரோரமாகப் போனார். அனோஜாவும் பின்னால் போனாள். நிலாணிதான் படிக்குக் கீழே இருந்ததைக் காட்டினாள்.

"இந்த மூலை நல்லது," என்றார் மிஸ் டொனலி. செல்லோவை எடுத்து நரம்புகளை முறுக்கிப் பார்த்தார். "ஒருமுறை வாசி."

நிலாணி கட்டிலின் நுனியில் இருந்தாள். முழங்கால்களுக்கு நடுவில் செல்லோவைப் பிடித்தாள். தடித்த நரம்பில் வில்லை இழுத்தாள்.

அனோஜாவின் உள்ளங்கால் வழியாகச் சத்தம் ஏறியது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை. பிள்ளை வாசலில் நின்று கூப்பிட்டால்கூட இவ்வளவு சத்தம் வராது. நிலாணியின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இன்னொருமுறை இழுத்தாள்.

"இவள் கேட்டுக்கேட்டு வாசிக்கிறாள்," என்றார் மிஸ் டொனலி. "எல்லாப் பிள்ளைகளும் அப்படிச் செய்வதில்லை."

மேலே கதவு திறந்தது. படியில் ஈரச் சப்பாத்துகளின் சத்தம்.

"மாமி! செஸ் கான்சல். ஸ்னோவால ஏர்லியா விட்டிட்டினம். பசிக்குது." மிதுனன் பாதிப் படியில் நின்றான். "ஓ. ஹாய் மிஸ்."

மிஸ் டொனலி அவனைப் பார்த்தார். நிலாணியைப் பார்த்தார். "மிதுனன்? நீ இங்கே என்ன செய்கிறாய்?"

"ஐ லிவ் ஹியர்."

பள்ளிக்கூடத்தில் இவன் மிதுனன் செல்வரட்ணம். அவள் நிலாணி சீமோன். தகப்பன்மாரின் பெயர்கள். வேறு வேறு வகுப்பு. கிழமைக்கு ஒருநாள் வந்துபோகும் ரீச்சருக்கு இவர்கள் சொந்தம் என்று தெரிய வழியில்லை.

மிதுனன் தலையணையையும் மீன் படத்தையும் பார்த்தான். "வெயிற். ஏன் நிலாணியின்ரை பிலோ இஞ்சை? ஷி டஸின்ற்..."

"தம்பி, றோல்ஸ் ஆறுது. ஓடு மேல," என்றாள் அனோஜா. பிறகு ரீச்சரிடம் திரும்பினாள். ஒரு கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்த ஆங்கிலம் தயாராக இருந்தது. "இவன் என் மச்சாளின் மகன். நாங்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். ஒரு வீடு. ஒரு சமையல். ஒரு குடும்பம்."

சொல்லி முடித்தபோது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டாள்.

"எங்கள் ஆட்கள் அப்படித்தான், மிஸ். பிரிக்க ஏலாது."

மிஸ் டொனலி மெதுவாகப் படியில் உட்கார்ந்தார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு வாத்தியம்," என்றார். "அது பள்ளிக்கூடத்தின் விதி. காத்திருக்கும் பிள்ளைகள் அதிகம். உங்கள் இருவருக்கும் தந்தால் இன்னொரு வீட்டுக்கு இல்லை. எனக்கு இது தெரியாமல் போய்விட்டது."

"இரண்டு குடும்பம்," என்றாள் அனோஜா.

"இப்போதுதான் ஒன்று என்றீர்களே."

அனோஜா சுவரில் ஒட்டிய மீனைப் பார்த்தாள்.

"ஒஃபிஸ் விலாசத்தைத்தான் பார்க்கும். மன்னியுங்கள். நிகழ்ச்சியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசிக்கவேண்டும், ஆகவே ஒன்றைப் பகிரவும் முடியாது. ஒருவர் அடுத்த வருடம் வரலாம்." அவர் எழுந்தார். "யார் என்று நான் சொல்ல விரும்பவில்லை. வீட்டில் பேசுங்கள். நாளைக் காலையில் பெயர்கள் போகவேண்டும். இன்றிரவு சாப்பாட்டு நேரத்துக்கு முன்னர் தொலைபேசியில் கூப்பிடுகிறேன்."

போகும்போது நிலாணியின் தோளைத் தொட்டார். நிலாணி வில்லை இன்னும் கையில் பிடித்திருந்தாள்.

*

றீற்றாவுக்கு மிதுனன் வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் கோட்டைக் கொழுவினாள். கை கழுவினாள். கேத்தலைப் போட்டாள்.

"ஆர் உம்மை ஒரு குடும்பமெண்டு சொல்லச் சொன்னது?"

"எனக்கு விதி தெரியாது மச்சாள்."

"ஒரு சமையலாம்." றீற்றா தலையை ஆட்டினாள். "சமையல் வேறயெண்டு சொல்லியிருந்தா ரெண்டு குடும்பமெண்டு வாதாடியிருக்கலாம். சரி. விடும். இப்ப அதில யோசிக்க என்ன இருக்கு? மிதுனன் ரெண்டாம் வகுப்பிலையிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். நிலாணி வந்தது இந்த வருஷம்."

"தெரிவு செய்தது ரெண்டு பேரையும்தானே."

"விலாசம் ஆரின்ரை?"

கேத்தல் இரைந்தது.

"அதைச் சொல்லிக் காட்டாதையுங்கோ மச்சாள்."

"நான் எப்ப சொல்லிக் காட்டினன்? இத்தனை மாசத்தில ஒருக்காச் சொன்னனோ? நீரே சொல்லும்."

சொல்லவில்லை. அது உண்மை. அனோஜா கோப்பைகளை எடுத்து வைத்தாள். எந்தத் தட்டில் எந்தக் கோப்பை என்று அவளுக்கு இருட்டிலும் தெரியும்.

மிதுனன் கதவடியில் நின்றான். அழுதிருந்தான்.

"அம்மா, இற்ஸ் நொற் ஃபெயார். இது என்ரை வீடு. அவை பஸ்ஸில வாறவை."

"உள்ளை போ," என்றாள் றீற்றா.

சீமோன் வரும்போது வெளியே இருண்டுவிட்டது. தொப்பியில் பனி. சுவர்ப் பலகை ஏற்றும் வேலை. கையில் வெள்ளைத் தூசி இருந்தது.

"எங்கை செல்லோப் பெட்டி? பின் சீற்றை மடிச்சு விட்டிட்டுத்தான் வாறன்."

அவன் தொப்பியைக் கழற்றினான். றீற்றா சொன்னாள். சொல்லும்போது நியாயமாகவே சொன்னாள். சீமோன் மேசையில் இருந்து கேட்டான்.

"அக்கா சொல்லுறதும் சரிதானே, அனோஜா."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே இன்னும்."

"நீர் முகத்தால சொல்லுறீர்." அவன் தூசியை உள்ளங்கையிலிருந்து தேய்த்தான். "யோசிச்சுப் பாரும். உண்மையைச் சொன்னா ஸ்கூல் இல்லை. ஸ்கூல் இல்லாட்டிச் செல்லோவும் இல்லை. சொல்லாட்டி ஸ்கூல் இருக்கு, செல்லோ இல்லை. எப்பிடிப் பாத்தாலும் அது போச்சு. ஸ்கூலையாவது பிடிப்பம்."

"கையெழுத்து வைச்சது நான்," என்றாள் றீற்றா. "ஆரும் வாயைத் திறந்தா முதல்ல என்னைத்தான் கேப்பாங்கள். இவன் அங்கை கிண்டர்கார்டினிலையிருந்து படிக்கிறான். எல்லாருக்கும் என்னைத் தெரியும்."

"ஆரக்கா சொல்லப் போறது?"

றீற்றா தேநீரை அவனுக்கு முன்னால் வைத்தாள். குரல் இளகியது.

"நான் கன நாளாக் கேக்கவேணுமெண்டு இருந்தனான். ஒரேயடியா இஞ்சை வந்து இருங்கோவன். பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு. உங்கை ஒன்பதாம் மாடிக்குக் குடுக்கிற வாடகை மிச்சம். அனோஜாவும் எந்தநாளும் பஸ்ஸில அலையத் தேவையில்லை. நாங்கள் எழுதிக் குடுத்ததும் உண்மையாப் போயிடும்."

சீமோன் தேநீரை எடுத்தான். அனோஜா அவன் முகத்தைப் பார்த்தாள். நீண்ட நேரம் நின்ற ஒருவனுக்குக் கதிரை கிடைத்ததுபோல இருந்தது அது.

"அது நல்ல யோசனைதானே," என்றான்.

"நல்லம்தான்," என்றாள் றீற்றா. "நான் வேலைக்குப் போகேக்கை வீட்டில ஒராள் இருக்கிறதும் ஒரு துணை."

அனோஜா கழுவுதொட்டியைப் பார்த்தாள். அதற்குள் காலையில் றீற்றா வைத்த கோப்பை, மிதுனனின் தட்டு, ரீச்சரின் தட்டு. அவள் தண்ணீரைத் திறந்தாள். கழுவத் தொடங்கியது பாதியில்தான் அவளுக்கே தெரிந்தது. குழாயைப் பூட்டினாள். கையைத் துடைத்தாள்.

"பிள்ளையை ஒருக்காக் கேப்பம்," என்றாள்.

*

நிலாணி கட்டிலில் இருந்தாள். செல்லோ அவளுக்கு முன்னால் நின்றது. வாசிக்கவில்லை. கழுத்துப் பகுதியைப் பிடித்தபடி இருந்தாள்.

அனோஜா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேல கதைச்சது கேட்டதோ?"

"ஓம்."

"நீ என்ன சொல்லுறாய்?"

நிலாணி தோளை உயர்த்தினாள். போன வருட முகம் அது. அனோஜாவுக்கு அதை நன்றாகத் தெரியும்.

"வாயைத் திறந்து சொல்லு பிள்ளை. மிதுனனுக்குக் குடுப்பமோ?"

"குடுங்கோ."

"உனக்குப் பரவாயில்லையோ?"

"ஐ டோன்ற் நோ." நிலாணி செல்லோவைத் தன் பக்கம் சாய்த்தாள். "ஸ்ரிங்ஸ்லதான் கதைக்கத் தேவையில்லை."

"வகுப்பில ஆரோடையும் கதைக்கிறேல்லையோ நீ?"

"கதைச்சாக் கேப்பினம். எங்கை இருக்கிறாய், உன்ரை றூம் என்ன கலர், ஸற்றர்டே வரட்டோ எண்டு. நான் ஒரு கேர்ளுக்கு மிதுனன்ரை றூம் கலரைச் சொன்னன். பேந்து அவன் வேற கேர்ள் ஒராளுக்கு அதையே சொல்லியிருக்கிறான். அவை ரெண்டு பேரும் சிரிச்சவை." நிலாணி நரம்பு ஒன்றை விரலால் அமத்தினாள். "ஒருத்தி பேர்த்டேக்குக் கூப்பிட்டவ. நான் நோ எண்டனான்."

"ஏன்?"

"போனா அவவையும் நாங்கள் கூப்பிட வேணுமெல்லே."

அனோஜா மூலையில் இருந்த ரயர்களைப் பார்த்தாள். போர்வை ஒரு பக்கம் வழுக்கியிருந்தது. மூன்றாம் வகுப்பில் நிலாணி வெட்கத்தில் பேசாமல் இருந்தாள். நாலாம் வகுப்பில் பேசாமல் இருக்கப் பழக்கியது தாங்கள்தான். பள்ளிக்கூடம் நல்லது, பிள்ளை மெல்ல மெல்லத் திறந்துகொள்ளும் என்று ஒவ்வொரு காலையும் பஸ்ஸில் அவள் நினைத்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளை அந்த நேரத்தில் கட்டில் எந்தப் பக்கம் என்று பாடமாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எல்லாரும் ஹப்பியா இருந்தீங்கள்."

மேலே தொலைபேசி அடித்தது.

*

அது வீட்டுத் தொலைபேசி. இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்தில் அந்த இலக்கம்தான் இருந்தது. கையில் எடுத்துப் பேசும் பகுதிக்கு வயர் இல்லை; அதை வைக்கும் தளம் குசினிச் சுவரில், பக்கத்தில் மடு மாதா படம். அனோஜா படியேறி வருமுன் றீற்றா எடுத்துவிட்டாள்.

றீற்றாவின் ஆங்கிலம் சுத்தமானது. செப்ரெம்பரிலிருந்து பள்ளிக்கூட அழைப்புகளை அநேகமாக அவள்தான் எடுத்தாள். அனோஜாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. நன்றியும் சொல்லியிருக்கிறாள்.

"யெஸ், மிஸ் டொனலி," என்றாள் றீற்றா. "ஓ, நிலாணியின் அம்மாவா? ஓம், நான்தான். பேசுகிறேன்."

அனோஜா குசினி வாசலில் நின்றாள்.

"நாங்கள் கதைத்துவிட்டோம். மிதுனன் வாசிக்கட்டும். நிலாணி அடுத்த வருடம் வருவாள். இல்லை, இல்லை, அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. நான் கேட்டேன்தானே. என் மகள்தானே, எனக்குத் தெரியும்."

அவள் கிளினிக்கில் நேரம் குறித்துக் கொடுப்பதுபோல இலேசாகச் சொன்னாள். கெட்ட எண்ணம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. ஒரு கையால் மேசைத் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். சீமோன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடுங்கோ மச்சாள்," என்றாள் அனோஜா.

றீற்றா கையால் பொறு என்றாள்.

அனோஜா தொலைபேசியை அவள் கையிலிருந்து எடுத்தாள். இழுக்கவில்லை. றீற்றா அதை எதிர்பார்க்கவில்லை, ஆகையால் அது எளிதாக வந்தது.

"மிஸ். நான் நிலாணியின் அம்மா."

மறுமுனையில் மிஸ் டொனலியின் குரல் மாறியது. "அப்படியென்றால் நான் இப்போது யாரோடு பேசினேன்?"

"மிதுனனின் அம்மா. மிஸ், ஒரு வீட்டுக்கு ஒன்று என்றீர்கள். நாங்கள் இந்த வீட்டில்..."

"நில்லுங்கள்," என்றார் மிஸ் டொனலி.

அனோஜா நின்றாள்.

"மிசிஸ் சீமோன், நான் சங்கீதம் சொல்லிக்கொடுப்பவள். வீட்டுக்கு வந்தேன், நல்ல மூலை ஒன்றைப் பார்த்தேன். அவ்வளவுதான். அந்தத் தாய் சொன்னதை எழுதிக்கொண்டு இந்த அழைப்பை முடிக்க எனக்கு முடியும். ஆனால் நீங்கள் இப்போது ஏதாவது சொன்னால் நாளைக் காலையில் நான் அதை ஒஃபிஸில் சொல்லவேண்டும். எனக்கு வேறு வழியில்லை. விளங்குகிறதா?"

"விளங்குது," என்றாள் அனோஜா தமிழில்.

"நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை."

குசினியில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. சீமோன் எழுந்து நின்று தலையை மெல்ல ஆட்டினான். வேண்டாம். றீற்றாவின் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

"அனோஜா," என்றாள் அவள். "என்ன செய்யிறாய் நீ?"

இத்தனை வருடத்தில் அவள் நீர் என்பதை விட்டு நீ என்று சொன்னதில்லை.

"நாளைக்குப் பிள்ளை எங்கை போகும்?" என்றான் சீமோன். "அதைச் சொல்லும். அதை மட்டும் சொல்லும்."

அனோஜா படிப் பக்கம் திரும்பினாள். நிலாணி பேஸ்மென்ற் படியின் மேல்நுனியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மிதுனன். இரண்டு பிள்ளைகளும் தொலைபேசியைப் பார்த்தார்கள்.

"மிஸ், இருக்கிறீங்களோ?"

"இருக்கிறேன்."

"நாங்கள் இந்த வீட்டில் இல்லை," என்றாள் அனோஜா ஆங்கிலத்தில். "ஒருநாளும் இருக்கவில்லை. நாங்கள் இருப்பது வெக்ஸ்போர்ட்."

தெருவின் பெயரைச் சொன்னாள். கட்டிடத்தின் இலக்கத்தைச் சொன்னாள்.

றீற்றா சுவருக்குப் போய்த் தளத்தின் வயரைப் பிடுங்கினாள்.

காதுக்குள் சத்தம் அறுந்தது. எதுவரை அங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. அனோஜா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒன்பதாம் மாடி என்றாள். கதவின் இலக்கத்தையும் சொல்லி முடித்தாள்.